வியர்வையா, வித்தையா? கால்பந்து ரசிகர் மனம் சாயும் பக்கம்

கால்பந்து ரசிகர்கள் இரண்டு வகை ஆட்டக்காரர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் வகையினர் ஆட்டம் முடியும்வரை ஓய்வறியாமல் ஓடுபவர்கள். எதிரணியிடம் போன பந்தை விடாமல் துரத்திப் பறிப்பார்கள். தோல்வி உறுதியான கடைசி நிமிடத்திலும் வேகம் குறைக்க மாட்டார்கள். இரண்டாம் வகையினர் பந்து காலுக்கு வந்ததும் மற்றவர் எண்ணிப் பார்க்காத ஒன்றைச் செய்பவர்கள். ஒரு தொடுதலில் இரண்டு தற்காப்பாளர்களைக் கடப்பார்கள். யாரும் காணாத இடைவெளிக்குள் பந்தை அனுப்புவார்கள்.

முதல் வகைக்கு பிரான்சின் என்கோலோ கான்டே நல்ல எடுத்துக்காட்டு. உயரம் குறைவு என்று இளவயதில் பெரிய கழகங்களால் ஒதுக்கப்பட்டவர் அவர். 2015-16இல் லெஸ்டர் சிட்டிக்கும் அடுத்த பருவத்தில் செல்சீக்கும் ஆடி, இரு வேறு கழகங்களோடு அடுத்தடுத்து இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டம் வென்றார். 2018இல் உலகக் கோப்பையும் வென்றார். இரண்டாம் வகைக்கு அர்ஜென்டினாவின் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே. மெதுவாக நகர்ந்து, பந்தை உள்ளங்காலின் கீழ் நிறுத்தி, ஆட்டம் முழுவதையும் தன் வேகத்துக்குக் கட்டுப்படுத்தியவர். போகா ஜூனியர்ஸ் கழகம் 2000, 2001, 2007 ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பையை வென்றபோது அதன் நடுக்களத்தை நடத்தியவர் அவரே.

ஒருவர் மனம் முதல் வகையிலும் மற்றொருவர் மனம் இரண்டாம் வகையிலும் ஒட்டிக்கொள்வது தனிப்பட்ட ரசனை மட்டுமன்று. உழைப்பையும் திறமையையும் மனித மனம் எடைபோடும் முறை, ரசிகர் தம் அணியோடு கொள்ளும் உறவு, அவர் ஊரின் கால்பந்து வரலாறு ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்தச் சாய்வைத் தீர்மானிக்கின்றன.

முயற்சி என்னும் கடன்

ஆஸ்திரிய உளவியலாளர் பிரிட்ஸ் ஹைடர் 1958இல் வெளியிட்ட நூலில், பிறர் செயலுக்குக் காரணம் தேடும்போது மக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்கள் என்றார். அவரால் அது முடியுமா என்பது ஒன்று. அவர் முயன்றாரா என்பது மற்றொன்று. பின்னர் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் வைனர் இதை விரித்தார். திறமை ஒருவருடைய கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றாகத் தோன்றுகிறது. முயற்சி அவர் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆகவே திறமை குறைந்தவர் தோற்றால் இரக்கம் பிறக்கிறது. முயலாதவர் தோற்றால் கோபம் பிறக்கிறது.

வைனரும் ஆண்டி குக்லாவும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களின் திறமை, முயற்சி, தேர்வு முடிவு ஆகியவற்றைச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பாராட்டோ தண்டனையோ தரலாம் என்று பங்கேற்பாளர்களிடம் கேட்டார்கள். திறமை குறைவாக இருந்தும் முயன்று வென்ற மாணவருக்கே மிகுந்த பாராட்டு கிடைத்தது. திறமை இருந்தும் முயலாமல் தோற்ற மாணவருக்கே மிகக் கடுமையான தண்டனை கிடைத்தது.

மைதானத்திலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. அணி தோற்கும் நாளில், தடுமாறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் தற்காப்பாளரை ரசிகர் மன்னித்துவிடுவார். வித்தை தெரிந்த நடுக்கள வீரர் இழந்த பந்தைத் துரத்தாமல் நின்றால் அவர்மீதே முதல் கோபம் பாய்கிறது. ஜெர்மனியின் மெசூட் ஓசில் கோலுக்கு வழி திறக்கும் பாஸ்களில் தம் தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக இருந்தும், தொங்கிய தோள்களுக்காகவும் சோர்ந்த நடைக்காகவும் ஆண்டுக்கணக்கில் விமர்சிக்கப்பட்டார். அதிகம் தரக்கூடியவர் என்ற எண்ணமே, தரவில்லை என்ற ஏமாற்றத்தைப் பெரிதாக்குகிறது.

முயற்சிக்குப் பயன் இல்லாதபோதும் மக்கள் அதை அறமாகவே பார்க்கிறார்கள். ஜாரட் செல்னிக்கரும் சக ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு வேலையை முடிக்கும் இருவரில் அதிகம் சிரமப்பட்டு முடிப்பவரே நல்லவர் என்று பங்கேற்பாளர்கள் மதிப்பிட்டார்கள். சிரமத்தால் விளைவு சிறிதும் கூடாதபோதும் மதிப்பீடு மாறவில்லை. அமெரிக்கா, தென்கொரியா, பிரான்சு என மூன்று நாடுகளிலும் இந்தப் போக்கு தென்பட்டது. சிரமப்படுபவர் நாளை நம்மைக் கைவிட மாட்டார் என்ற நம்பிக்கையை அவருடைய உழைப்பு தருகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எட்டாத பந்துக்காகப் பாய்ந்து விழும் வீரருக்குக் கேலரி எழுந்து நின்று கைதட்டுவதன் பொருள் இங்கே விளங்குகிறது. அந்தப் பாய்ச்சலால் ஆட்டம் மாறவில்லை. ஆனால் அவர் நம்மவர் என்பது உறுதியாகிவிட்டது.

தரத்தை அளக்க முடியாதபோது உழைப்பையே அளவுகோலாகக் கொள்வதும் மனத்தின் பழக்கம். ஜஸ்டின் க்ரூகரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கவிதையைச் சிலரிடம் 4 மணி நேரத்தில் எழுதியது என்றும், வேறு சிலரிடம் 18 மணி நேரத்தில் எழுதியது என்றும் கூறினார்கள். அதிக நேரம் எடுத்ததாகக் கேள்விப்பட்டவர்கள் அந்தக் கவிதையை உயர்வாக மதித்தார்கள். தரம் தெளிவாகத் தெரியாத இடங்களில் இந்தச் சாய்வு மேலும் வலுத்தது. கால்பந்து அப்படிப்பட்ட இடம். ஒரு போட்டியில் கோல்கள் மிகக் குறைவு. இருபத்திரண்டு பேரின் பங்கையும் பிரித்தறிவது கடினம். வியர்த்து ஓடுவதோ எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் தெரிகிறது.

இயல்புத் திறமையின் மயக்கம்

இத்தனை இருந்தும், உழைப்பாளிகளின் படங்களைவிட வித்தைக்காரர்களின் படங்களே சுவர்களில் அதிகம் தொங்குகின்றன. இதற்கும் ஓர் உளவியல் அடிப்படை உண்டு. சியா-ஜங் சே, மஹ்சரின் பனாஜி ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சி பெற்றவர்களுக்கு இரண்டு பியானோ பதிவுகளைக் கொடுத்தார்கள். ஒருவர் பிறவிக் கலைஞர் என்றும், மற்றவர் கடும் உழைப்பால் உயர்ந்தவர் என்றும் அறிமுகம் செய்தார்கள். உண்மையில் இரண்டையும் வாசித்தவர் ஒருவரே. எது முக்கியம் என்று நேரடியாகக் கேட்டபோது கேட்டவர்கள் உழைப்பையே உயர்த்திப் பேசினார்கள். வாசிப்பை மதிப்பிடும்போதோ, பிறவிக் கலைஞர் என்று சொல்லப்பட்டவருக்கே உயர்ந்த இடம் தந்தார்கள். வருங்காலத்தில் வெற்றி பெறுவார் என்றும் அவரையே சொன்னார்கள்.

வாயால் உழைப்பைப் போற்றி, மனத்தால் இயல்புத் திறமைக்கு மயங்கும் இந்த இரட்டைநிலை கால்பந்து ரசிகரிடமும் இருக்கிறது. உழைப்புக்கு ஓர் எல்லை தெரிகிறது. இன்னும் எவ்வளவு ஓட முடியும் என்று ஊகிக்கலாம். இயல்புத் திறமைக்கு எல்லை தெரிவதில்லை. சிரமமின்றிச் செய்பவர் முயன்றால் இன்னும் என்னென்ன செய்வார் என்ற எதிர்பார்ப்பு ரசிகரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருகிறது.

அந்தந்த வீரரோடு ரசிகர் கொள்ளும் உறவும் வேறு. பெனலோப் லாக்வுட், ஸீவா குந்தா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவருடைய சாதனை நமக்கும் எட்டும் என்று தோன்றினால் அது ஊக்கம் தரும். எட்டவே எட்டாது என்று தோன்றினால் மனம் சோரும். உழைப்பாளி ஆட்டக்காரர் ரசிகருக்கு அருகில் நிற்கிறார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் நானும் இப்படி ஓடியிருப்பேன் என்று எண்ண இடம் தருகிறார். வித்தைக்காரரோடு ஒப்பிட்டுப் பார்க்கவே ரசிகருக்குத் தோன்றுவதில்லை. அங்கே வியப்பு மட்டுமே மிஞ்சுகிறது. ஒருவரிடம் ரசிகர் தம்மைக் காண்கிறார். மற்றவரிடம் தம்மால் ஆகாததைக் காண்கிறார். இரண்டு தேவைகளும் ஒரே மனத்தில் இருப்பதால்தான் ஒரே ரசிகர் ஒரே அணியில் இருவரையும் நேசிக்க முடிகிறது.

அர்ஜென்டினா: ஒரு நாட்டின் நூற்றாண்டு விவாதம்

உளவியல் எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் சாயும் என்பதை வரலாறே முடிவுசெய்கிறது. இதைத் தெளிவாகக் காண அர்ஜென்டினாவைவிடப் பொருத்தமான நாடு கிடைப்பது அரிது.

அங்கே கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அவர்களுடைய பள்ளிகளும் கழகங்களுமே பட்டங்களை வென்றன. 1913இல் ரேசிங் கழகம் பட்டம் வென்றபோது இத்தாலிய, ஸ்பானியக் குடியேறிகளின் பிள்ளைகள் முன்னுக்கு வந்தார்கள். இதை வைத்து ஒரு தேசியக் கதை உருவானது. 1919இல் தொடங்கப்பட்ட எல் கிராஃபிகோ இதழ் அந்தக் கதையை வாரந்தோறும் வளர்த்தது. ஆங்கிலேயர் ஆட்டம் பலம், ஒழுங்கு, கூட்டு உழைப்பு ஆகியவற்றால் ஆனது. அர்ஜென்டினர் ஆட்டம் காலி மனைகளில் தானே முளைத்த வித்தை என்பது அதன் சாரம். அவ்விதழின் எழுத்தாளர் போரோகோட்டோ 1928இல், கால்பந்துக்குச் சிலை வைப்பதானால் அழுக்கு முகமும் சீவாத தலையும் கொண்ட தெருச் சிறுவனுக்கே வைக்க வேண்டும் என்று எழுதினார். மானிடவியலாளர் எடுவார்டோ ஆர்செட்டி இந்த எழுத்துகளை ஆராய்ந்து, ஆங்கிலேயரிடமிருந்து தங்களை வேறுபடுத்திக்கொள்ள விரும்பிய ஒரு குடியேறிச் சமூகம் தன் அடையாளத்தைக் கால்பந்து வித்தையில் கண்டெடுத்தது என்று காட்டினார்.

அந்த நாட்டுக்குள்ளேயே சாய்வு இரண்டாகப் பிரிந்தது. ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் கழகங்கள் இரண்டும் பியூனோஸ் அயர்ஸின் துறைமுகப் பகுதியான லா போகாவில் பிறந்தவை. ரிவர் பின்னர் நகரின் வடக்கே வசதியான பகுதிக்குப் பெயர்ந்தது. 1930களில் பெரும் தொகை கொடுத்து வீரர்களை வாங்கியதால் கோடீசுவரர்கள் என்ற பட்டப்பெயரும் பெற்றது. 1940களில் முனோஸ், மொரேனோ, பெடெர்னேரா, லப்ரூனா, லூஸ்தோ ஆகிய ஐந்து முன்கள வீரர்கள் இயந்திரம் என்று அழைக்கப்பட்ட அழகிய ஆட்டத்தை அங்கே படைத்தார்கள். வெற்றி மட்டும் போதாது, அழகும் வேண்டும் என்பது ரிவர் ரசிகர்களின் பெருமை ஆயிற்று. துறைமுகத்திலேயே தங்கிய போகாவின் ரசிகர்கள் தொழிலாளர் குடும்பத்தினர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். வியர்வையும் நெஞ்சுரமும் அவர்களின் பெருமை ஆயிற்று. 1990களில் பிளாஸ் ஜுந்தா என்ற நடுக்கள வீரர் முரட்டுத் துணிவோடு பந்துக்காகப் பாயும்போது அவர் பெயரைச் சொல்லிக் கேலரியே அதிர்ந்தது. ஆயினும் அதே ரசிகர்கள் மெதுவாக நடந்த ரிக்கெல்மேயைத் தங்கள் கழகத்தின் தலைசிறந்த நாயகர்களுள் ஒருவராகக் கொண்டாடினார்கள். ஒரு கூட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று. அதன் நெஞ்சம் கரையும் இடம் வேறொன்றாகவும் இருக்கலாம்.

1958 உலகக் கோப்பையில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 6-1 என்று தோற்றதும் வித்தையின் மேலிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. உடற்பயிற்சியும் ஒழுங்கும் இல்லாமல் ஐரோப்பாவை வெல்ல முடியாது என்ற குரல் வலுத்தது. ஓஸ்வால்டோ சுபெல்டியா பயிற்றுவித்த எஸ்துதியான்தெஸ் கழகம் எதிரணிகளை ஆராய்ந்து, கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பயின்று, 1968 முதல் 1970 வரை மூன்று முறை தொடர்ந்து லிபர்டடோரஸ் கோப்பையை வென்றது. அதன் முரட்டுத்தனத்தைக் கண்டு இது கால்பந்தே அன்று என்று பலர் வெறுத்தார்கள். அந்த அணியில் ஆடிய கார்லோஸ் பிலார்டோ பின்னர் தேசிய அணிப் பயிற்சியாளராகி, 1986இல் உலகக் கோப்பையை வென்றார். அவருக்கு முன் பயிற்சியாளராக இருந்த செசார் லூயிஸ் மெனோட்டி, அழகான ஆட்டமே அர்ஜென்டினர் ஆட்டம் என்று முழங்கி 1978இல் உலகக் கோப்பையை வென்றிருந்தார். இரண்டு வழிகளுக்கும் ஒவ்வொரு கோப்பை கிடைத்துவிட்டதால் விவாதம் தீரவில்லை. அங்குள்ள காபிக் கடைகளில் அது இன்றும் தொடர்கிறது.

டியேகோ மரடோனா இந்த விவாதத்தைக் கடந்து நின்றதற்குக் காரணம், இரு பக்கமும் விரும்பியதை அவர் ஒருவரே தந்ததுதான். காலி மனையில் வளர்ந்த சிறுவனின் வித்தையும், அடிபட்டாலும் எழுந்து ஓடும் வெறியும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. லியோனல் மெஸ்ஸிக்கு அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும், 2015, 2016 கோபா அமெரிக்கா இறுதியாட்டங்களிலும் அர்ஜென்டினா தோற்றபோது, நாட்டுக்காக அவர் போதிய அளவு உழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2021இல் கோபா அமெரிக்காவையும் 2022இல் உலகக் கோப்பையையும் வென்றபிறகு அந்தக் குரல் அடங்கியது. அப்போதும் அவர் மைதானத்தில் பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருந்தார். மாறியது முடிவு மட்டுமே. வெற்றியில் நிதானமாகத் தெரியும் நடை, தோல்வியில் அலட்சியமாகத் தெரிகிறது.

தோல் நிறமும் புகழ்ச்சியும்

உழைப்பாளி, பிறவித் திறமையாளர் என்ற பட்டங்கள் எல்லார்மீதும் ஒரே நேர்மையோடு ஒட்டப்படுவதில்லை. ஜெஃப் ஸ்டோன் முதலான ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கூடைப்பந்துப் போட்டியின் வானொலி வர்ணனையை எல்லாருக்கும் ஒலிபரப்பினார்கள். ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரர் கறுப்பினத்தவர் என்று எண்ணிக் கேட்டவர்கள் அவரிடம் உடல்திறனைக் கண்டார்கள். வெள்ளையர் என்று எண்ணிக் கேட்டவர்கள் அவரிடம் ஆட்ட அறிவையும் உழைப்பையும் கண்டார்கள். காதில் விழுந்ததோ ஒரே வர்ணனை.

கால்பந்திலும் இதே கோணல் இருக்கிறது. இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தோடு இணைந்து ரன்ரிபீட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்சு லீக்குகளின் 80 போட்டி வர்ணனைகளை எடுத்துக்கொண்டது. ஆட்ட அறிவுக்கும் உழைப்புக்கும் வந்த பாராட்டுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளிர்நிறத் தோல் கொண்டவர்களுக்கே போயின. கருநிறத் தோல் கொண்டவர்களின் உடல்பலத்தைப் பற்றி வர்ணனையாளர்கள் ஆறு மடங்குக்கு மேலும், வேகத்தைப் பற்றி மூன்று மடங்குக்கு மேலும் பேசினார்கள். இயற்கை தந்தது என்ற புகழ்ச்சி, அந்த ஆட்டக்காரர் பல்லாண்டு வியர்வை சிந்தி வளர்த்த உழைப்பையும் அறிவையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் பதவிக்கு அறிவும் உழைப்பும் உள்ளவர்களையே தேடுவதால், இந்தப் பறிப்பின் பாதிப்பு மைதானத்தோடு நிற்பதில்லை.

பிரிவினை எவ்வளவு உண்மை?

ரசிகர் பிரிக்கும் இரண்டு வகைகளும் அறிவியலின் கண்ணில் அவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஆற்றலிலேயே பிறவியின் பங்கு பெரிது. கிளோட் பூஷார் தலைமையிலான ஹெரிடேஜ் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 481 பேருக்கு 20 வாரம் ஒரே முறையில் பயிற்சி தரப்பட்டது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு ஏறக்குறைய மாறவே இல்லை; சிலருக்கு மிகப் பெரிதாகக் கூடியது. 1999இல் வெளியான முடிவின்படி, இந்த வேறுபாட்டில் சுமார் 47 விழுக்காடு குடும்பவழி வருவது. உழைப்பின் பலனே ஓரளவு பிறவியில் கிடைக்கிறது.

மறுபக்கம், இயல்பு என்று தோன்றும் வித்தைக்குப் பின்னால் எண்ணற்ற மணிநேரப் பயிற்சி மறைந்திருக்கிறது. மெஸ்ஸி 13 வயதில் பார்சிலோனாவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர். ஆயினும் பயிற்சி நேரம் மட்டும் எல்லாவற்றையும் விளக்குவதில்லை. ப்ரூக் மெக்நமாரா குழு 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டுத் திறனில் காணும் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியின் பங்கு 18 விழுக்காடு என்று தெரிந்தது. தேர்வாளர் கண்ணுக்குத் திறமையாகப் படுவதிலும் தற்செயல் கலந்திருக்கிறது. வெர்னர் ஹெல்சன் குழு 2005இல் காட்டியபடி, ஐரோப்பிய இளையோர் அணிகளில் தேர்வாண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி. சில மாத வயது மூப்பால் வந்த உடல் வளர்ச்சி, திறமை என்று எண்ணப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஓட்டமும் ஏமாற்றக்கூடியது. ஓர் ஆட்டக்காரர் ஒரு போட்டியில் பொதுவாக 10 முதல் 12 கிலோமீட்டர் தொலைவு கடக்கிறார். அதில் பந்தோடு ஓடுவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இத்தாலியின் சீரி ஆ லீக் போட்டிகளை எர்மானோ ரம்பினினி குழு ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவுகளில், வெற்றி குறைந்த அணிகளின் ஆட்டக்காரர்களே மொத்தத்தில் அதிகம் ஓடினார்கள். வெற்றி பெறும் அணிகளின் ஆட்டக்காரர்கள் பந்தோடு அதிகம் ஓடினார்கள். பந்தை இழந்தவர்களே அதைத் துரத்த வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பும் உண்டு. நார்வேயின் கெய்ர் யோர்டெட், பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிச் சுற்றுப்புறத்தைப் பார்க்கும் பழக்கத்தைப் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களிடம் அளந்தார். அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகச் சென்றன. ஹவியர் பெர்னாண்டஸ், லூக் பார்ன் இருவரும் 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மெஸ்ஸி நடந்தபடியே மதிப்புமிக்க வெற்றிடங்களைப் பெறுகிறார் என்று காட்டினார்கள். கான்டேயின் ஓட்டத்துக்குப் பின்னும் இப்படிப்பட்ட அறிவு இருக்கிறது. 2015-16 பிரீமியர் லீக்கில் எதிரணியின் பாஸ்களை இடைமறிப்பதில் அவர் முதலிடம் பெற்றார். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே உணராதவரால் எவ்வளவு ஓடினாலும் அதைச் செய்ய முடியாது.

ஆகவே உழைப்பாளி, வித்தைக்காரர் என்பவை ஆட்டக்காரரின் உடலில் இருக்கும் இரண்டு பொருள்களைவிட ரசிகரின் பார்வையில் இருக்கும் இரண்டு தேவைகளையே அதிகம் காட்டுகின்றன. விசுவாசத்துக்குச் சான்று கேட்கும் மனம் ஓட்டத்தைத் தேடுகிறது. வியக்க விரும்பும் மனம் வித்தையைத் தேடுகிறது. தோல்வி, அச்சம், கழகத்தின் தொழிலாளர் மரபு ஆகியவை முதல் தேவையைக் கூட்டுகின்றன. வெற்றி, பாதுகாப்பு, அழகின் மரபு ஆகியவை இரண்டாவதைக் கூட்டுகின்றன. இதை அறிந்த ரசிகர், நடக்கும் ஆட்டக்காரரின் கண்கள் எங்கே போகின்றன என்பதையும், ஓடும் ஆட்டக்காரர் எந்த இடத்துக்கு ஏன் ஓடுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கத் தொடங்குவார். ஆட்டக்காரருக்கு நியாயமும் ரசிகருக்குக் கூடுதல் இன்பமும் அந்தப் பார்வையில் ஒன்றாகக் கிடைக்கின்றன.